மேடைக் கூச்சமுள்ள பாடகிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்குப் பதினெட்டு வயது முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கர்நாடக இசையை எட்டு ஆண்டுகள் முறையாகக் கற்றவர். ஆங்கிலப் பாட்டு தேவாலயப் பாடகர் குழுவில் பழகியது. தமிழும் ஆங்கிலமும் கலந்து தானே வரி எழுதி, தானே மெட்டமைத்து, முகம் காட்டாமல் இணையத்தில் பாடி வருகிறார். பாட்டுக்கான தாளப் பின்னணி இசையை, அதாவது பீட், போட்டுத் தருவது உடன் படிக்கும் தோழர். இடையிடையே பழைய திரைப்பாடல்களையும், ஆங்கிலப் பாடல்களைத் தமிழில் மாற்றி எழுதியும் பாடுகிறார்.

சென்னை இசை நிறுவனம் ஒன்று இவருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. முன்பணம் 1.5 லட்சம் ரூபாய். வருமானத்தில் 20 சதவீதம் இவருக்கு. ஆண்டுக்குக் குறைந்தது 24 மேடை நிகழ்ச்சிகள். தவறினால் ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் கட்ட வேண்டும். மேடைப் பெயர் நிறுவனத்துக்குச் சொந்தம். கைபேசிக்கு வரும் இணைப்பில் 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டுமாம். அப்பா கையெழுத்துப் போடத் தயார், அம்மா தயங்குகிறார். "நாலு பேர் முன்னால நின்னாலே தொண்டை அடைச்சிடுது. ஒத்துக்கிட்டு மேடை ஏற முடியலைன்னா கேஸ் போடுவாங்களா? இதை விட்டா வேற வாய்ப்பு வருமா?" என்று கேட்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த இணைப்பைத் தட்டாதீர்கள். "போனில் ஓடிபி போடுவது கையெழுத்து ஆகாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான நம்பிக்கை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி மின்னணு முறையில் செய்யும் ஒப்பந்தமும் செல்லும். ஆதார் ஓடிபி வழியாகப் போடும் மின்கையெழுத்துக்குப் பேனாக் கையெழுத்தின் மதிப்பு உண்டு. ஐந்து ஆண்டுகள் உங்களோடு வேலை செய்ய விரும்பும் நிறுவனத்தால் பதினைந்து நாள் காத்திருக்க முடியும். முடியாது என்றால், அந்த அவசரம் எதற்கு என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

உங்கள் கவலை மேடையைப் பற்றியது. எனக்கு உறுத்துவது வேறு. நிறுவனத்தாரோடு இரண்டு முறை பேசியும், கூச்சத்தால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் கூச்சம் யாருக்கும் நட்டம் தராது. பேரம் பேசும் இடத்தில் அது நேராகப் பணத்திலும் உரிமையிலும் போய் விழும். அதற்காக நீங்கள் குணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இனி போனில் பேசாதீர்கள், எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். சட்டப்படியும் உங்களுக்கு அதுதான் நல்லது. "24 நிகழ்ச்சி என்பது சும்மா ஒரு எண், வற்புறுத்த மாட்டோம்" என்று போனில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், இதில் எழுதப்படாத எந்தப் பேச்சும் செல்லாது என்ற வரி இருக்கிறது. வற்புறுத்த மாட்டார்கள் என்றால் அந்த எண்ணை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

அப்பாவின் கையெழுத்து போதாது

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 11-ஆம் பிரிவுப்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்தது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மொஹோரி பீபி வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. "அப்படியானால் நமக்கு ஆபத்தில்லையே, முன்பணத்தை வாங்கிக்கொள்ளலாம்" என்று அப்பா நினைக்கக்கூடும். 1949-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ராஜ் ராணி வழக்கை அவரிடம் சொல்லுங்கள். வயது நிரம்பாத பெண்ணைப் படத்தில் நடிக்க வைக்க, அவள் தந்தையோடு தயாரிப்பாளர் ஒப்பந்தம் செய்தார். பிறகு அந்த வேடம் வேறொருவருக்குப் போனது. பெண் வழக்குப் போட்டாள். அவளாலும் வழக்காட முடியாது, தந்தையாலும் முடியாது என்றது நீதிமன்றம். செல்லாத ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது, உங்களைக் காக்கவும் செய்யாது. பாடல்கள் வெளியாகிப் பணம் வரத் தொடங்கிய பிறகு, கேட்பதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. பதினெட்டு முடிந்த பின் பழைய ஒப்பந்தத்தை "ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் அதற்கு உயிர் வராது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே இந்த நான்கு மாதங்களைப் படிக்கவும் பேரம் பேசவும் பயன்படுத்துங்கள்.

மேடை ஏற முடியாவிட்டால் என்ன ஆகும்?

உங்களை மேடையில் நிறுத்திப் பாட வைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. ஒருவரின் தனித் திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட முடியாது என்பது 1963-ஆம் ஆண்டின் 'குறித்த பரிகாரச் சட்டம்' (Specific Relief Act) 14-ஆம் பிரிவு. நட்டஈடு மட்டுமே கேட்கலாம். அதிலும் 50,000 ரூபாய் என்று எழுதியிருப்பதால் அவ்வளவும் கிடைத்துவிடும் என்பதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமானதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் அதை வாதாட ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும், அதனால் அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கவே கூடாது.

உண்மையான ஆபத்து, ஒப்பந்தக் காலம் முழுவதும் வேறு யாருக்கும் எங்கும் பாடக் கூடாது என்ற பிரத்தியேக நிபந்தனையில் இருக்கிறது. 1852-இல் லண்டனில் ஜொஹானா வாக்னர் என்ற ஆபரா பாடகியின் வழக்கு இதற்கு அடிப்படை. ஒரு அரங்கில் மட்டும் பாடுவதாக ஒப்புக்கொண்டவர், கூடுதல் பணம் கிடைக்கும் இன்னொரு அரங்குக்குப் போகப் பார்த்தார். முதல் அரங்கில் பாடு என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாவது அரங்கில் பாடக் கூடாது என்று தடை போட்டது. நம் நாட்டில் இதே கருத்து, மேலே சொன்ன 'குறித்த பரிகாரச் சட்டம்' 42-ஆம் பிரிவாக இருக்கிறது. நீங்கள் மேடை ஏற மறுத்தால் அவர்கள் உங்களை இழுத்துப் போக மாட்டார்கள். ஐந்து ஆண்டுகள் வேறெங்கும் பாட விடாமல் வைத்திருக்க முயலலாம். பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வரையான காலம் ஒரு பாப் பாடகிக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

காலம் முடிந்த பிறகும் "அடுத்த வாய்ப்பை முதலில் எங்களிடம்தான் காட்ட வேண்டும்" என்ற 19-ஆவது நிபந்தனை பற்றிப் பயப்பட வேண்டாம். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கு எதிரான பெர்செப்ட் டி'மார்க் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பின்னும் நீளும் இத்தகைய கட்டுப்பாடு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. காலத்துக்குள் இருக்கும் கட்டுப்பாடுதான் பேசித் திருத்த வேண்டியது.

மேடை நிபந்தனையை இப்படி மாற்றிக் கேளுங்கள். முதல் ஆறு மாதம் மேடையே இல்லை. அடுத்த ஆறு மாதத்தில் அதிகபட்சம் மூன்று, நூறு பேருக்கு மேல் இல்லாத சிறிய அரங்கில். இரண்டாம் ஆண்டில் ஆறு. ஒவ்வொன்றுக்கும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். உட்கார்ந்து பாடவும், வரிகளைத் திரையில் பார்த்துப் பாடவும் அனுமதி உண்டு. மருத்துவச் சான்று இருந்தால் ஒப்பந்த மீறல் இல்லை. அந்த நிகழ்ச்சிக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தந்தால் போதும். வரி பார்த்துப் பாடுவதை இழுக்காக நினைக்காதீர்கள். 1967-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் மேடையில் வரிகளை மறந்த பார்பரா ஸ்ட்ரைசாண்ட், அந்தப் பயத்தால் ஏறக்குறைய 27 ஆண்டுகள் கட்டண நிகழ்ச்சிகளைத் தவிர்த்தார். 1990-களில் திரும்பி வந்தபோது வரிகளைத் திரையில் ஓடவிட்டுத்தான் பாடினார்.

மேடைக்கு முன் போட்டுக்கொள்ளும்படி ஒரு மூத்த பாடகர் சொன்ன மாத்திரை பற்றி: நீங்கள் குறிப்பிடும் ப்ரொப்ரனலால் மருத்துவர் சீட்டில்லாமல் போடக்கூடாதது. உங்களுக்கு வீசிங் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீசிங் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தயவுசெய்து தொடாதீர்கள். மேடைப் பயத்துக்கு உளவியல் ஆலோசனையில் படிப்படியான நல்ல பயிற்சிகள் இருக்கின்றன. முதல் படியாக அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பாட்டு யாருடையது?

பதிவு செய்யாததால் பாடல்கள் உங்களுடையவை இல்லையோ என்று கலங்கியிருக்கிறீர்கள். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் பதிவு கட்டாயமில்லை. வழக்கு வந்தால் சான்றாக உதவும், அவ்வளவே. வரிக்கும் இசைக்கும் ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். இரண்டு மூன்று முக்கியப் பாடல்களுக்குச் செய்து வையுங்கள். மற்றவற்றுக்கு, தேதியோடு கூடிய கைப்பேசிப் பதிவுகளையும் வரி எழுதிய நோட்டையும் அழிக்காமல் வைத்திருந்தாலே போதும்.

ஒரு பாட்டில் வரி, இசை, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை வேறு இருக்கிறது. அது 50 ஆண்டு நீடிக்கும். நிறுவனம் பணம் போட்டுப் பதிவு செய்யும் ஒலிப்பதிவை அது கேட்பது இயல்பு. ஆனால் உங்கள் 7-ஆவது நிபந்தனை நான்கையும் ஒரே வாக்கியத்தில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" எழுதி வாங்குகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், வாங்கியவரோடு சரிபாதியாக ராயல்டி (பாட்டைப் பயன்படுத்துவதற்கு வரும் தொகை) பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுப்பதாக எழுதினால் அது செல்லாது. "20 சதவீதமே எல்லாவற்றுக்குமான முழுத் தொகை" என்ற வரி அந்த அளவுக்கு வெற்று வரிதான். பதினெட்டு முடிந்ததும், ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கங்களில் சேருங்கள்: வரிக்கும் இசைக்கும் ஐபிஆர்எஸ் (IPRS), பாடகியாக இசாம்ரா (ISAMRA). எழுதியவருக்கான பங்கு நிறுவனத்தின் கை வழியாக வராமல் நேராக உங்களுக்கே வரும்.

இன்னொன்றையும் பாருங்கள். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. "ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத வரை" என்ற வாலும் அதில் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாடலைப் பதிவு செய்து வாங்கிக்கொண்டு வெளியிடாமல் அலமாரியில் வைத்துவிட அது இடம் தருகிறது. ஒப்படைத்த 120 நாளில் வெளியிடாவிட்டால் பாட்டு உங்களிடமே திரும்பும் என்று எழுதச் சொல்லுங்கள்.

பீட் போட்ட தோழர் விஷயத்தை இன்றே முடியுங்கள். எந்தப் பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் தேதியோடு கையெழுத்திடுங்கள். அவர் இணையத்தில் வாடகை உரிமத்துக்கு வாங்கிய பீட் ஏதாவது இருந்தால் தனியே குறித்து வையுங்கள். அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்றிருப்பார்கள். அந்தப் பாட்டை எந்த நிறுவனத்துக்கும் "எனக்கு மட்டுமே சொந்தம்" என்று உங்களால் கொடுக்க முடியாது.

30 விநாடிக் கதை

பிறர் பாட்டை முப்பது விநாடிக்குள் பாடினால் குற்றமில்லை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. "உரிமை அவர்களுக்கே" என்று கீழே எழுதுவதும் அனுமதி ஆகாது. இதுவரை உங்கள் காணொளிகள் நீக்கப்படாததற்குக் காரணம், உரிமையாளர்கள் பொறுத்துக்கொள்வது, அல்லது தானியங்கிக் கண்டறிதல் வழியாக விளம்பர வருமானத்தை அவர்களே எடுத்துக்கொள்வது. கிடாருடன் நீங்களே வாசித்துப் பாடுவதைவிட, இணையத்திலிருந்து இறக்கிய கரோக்கே (குரல் இல்லாத பின்னணி இசை) மேல் பாடுவதில் சிக்கல் அதிகம். அந்த ஒலிப்பதிவும் பிறர் சொத்து. ஆங்கிலப் பாட்டைத் தமிழில் மாற்றிப் பாடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. மொழிபெயர்க்கும் உரிமை பாடலாசிரியருடையது. பிறர் பாட்டை மீண்டும் பாடிப் பதிவு செய்யும் கவர் பாடலுக்கான, பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு உரிமம் இதற்கு உதவாது. அது மூலப்பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழித்தே பொருந்தும். ஆண்டுக்கு 50,000 பிரதிக்கான தொகை கட்ட வேண்டும். வரியை மாற்றவும் அதில் இடமில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. "நான் வெளியிட்ட எதுவும் பிறர் உரிமையை மீறவில்லை, மீறியிருந்தால் நிறுவனத்துக்கு வரும் நட்டத்தை நானே ஏற்பேன்" என்பது உங்கள் 14-ஆவது நிபந்தனை. இன்றைய நிலையில் அதில் கையெழுத்திட்டால் பொய் உறுதிமொழி கொடுத்ததாகும். தமிழாக்கக் காணொளிகளை எடுத்துவிடுங்கள். மற்றக் கவர் பாடல்களைப் பட்டியலாக இணைத்து, உறுதிமொழி அவற்றுக்குப் பொருந்தாது என்று எழுதச் சொல்லுங்கள்.

இருபது சதவீதம் என்பது எவ்வளவு?

முன்பணத்தையும் செலவையும் எங்கிருந்து கழிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பணம் 1.5 லட்சம், மூன்று பாடல்களின் பதிவும் காணொளியும் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 7.5 லட்சம். உங்கள் ஒப்பந்தப்படி இதை உங்கள் 20 சதவீதத்திலிருந்து கழிப்பார்கள். நிறுவனத்துக்கு 37.5 லட்சம் வரும்வரை உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. அதையே மொத்த வருமானத்தில் முதலில் கழித்துவிட்டு மீதியைப் பங்கிட்டால், அதே 37.5 லட்சத்தில் உங்களுக்கு 6 லட்சம் கிடைத்திருக்கும். சதவீதத்தை உயர்த்தச் சொல்லிப் போராடுவதற்கு முன் இந்த ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். செலவுக்கு உச்சவரம்பும், 25,000 ரூபாய்க்கு மேல் போனால் உங்கள் ஒப்புதலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கும், கணக்கைத் தணிக்கையாளரை வைத்துப் பார்க்கும் உரிமையும் கேளுங்கள்.

இரண்டு மொழி, ஒரு பெயர், உங்கள் குரல்

"எல்லா மொழிகளிலும் எல்லா வகைப் பாடல்களும்" என்பதை "தமிழ், ஆங்கில மொழிகளிலான தனிப் பாப் பாடல்கள்" என்று சுருக்குங்கள். திரைப்படப் பின்னணி, கர்நாடகக் கச்சேரி, பக்திப் பாடல், தேவாலயக் குழு, விளம்பரப் பாடல் எல்லாம் வெளியே இருக்கட்டும். தமிழ்நாட்டில் பாடகர்களின் பிழைப்பில் பெரும்பகுதி திரையிலும் விளம்பரத்திலும்தான். முகம் காட்ட விரும்பாத உங்களுக்குப் பின்னணிப் பாட்டு மிகப் பொருத்தமான இடம். அதை அடைத்துவிடாதீர்கள். ஒரே மெட்டுக்குத் தமிழ் வடிவம், ஆங்கில வடிவம் என்று இரண்டு பதிவு செய்தால், இரண்டும் தனித்தனி ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் தனி ஐஎஸ்ஆர்சி (ISRC) எண் வேண்டும். ஒப்பந்தத்தில் அவை ஒரு பாடலா இரண்டா என்பதையும் எழுதுங்கள். இல்லையேல் மூன்று பாடலுக்கு ஆறு பாடல் பாட நேரும்.

மேடைப் பெயரை விட்டுக்கொடுக்காதீர்கள். நிறுவனத்தை விட்டு விலகும் நாளில் கேட்டவர்கள் எல்லாம் அந்தப் பெயரோடு போய்விடுவார்கள். தனிநபர் வணிகக் குறிக்கு இணையவழி விண்ணப்பம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் உங்கள் பெயரில் போடுங்கள். ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளட்டும். "இனி கண்டுபிடிக்கப்படும் எந்தத் தொழில்நுட்பத்திலும் குரலைப் பயன்படுத்தலாம்" என்ற வரியை முழுமையாக நீக்கச் சொல்லுங்கள். பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்குவதற்கு 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவர் அனுமதி தராதவர் என்பதால் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் வாதாடுவது கடினம்.

வேறு வாய்ப்பு வருமா?

நிறுவனம் இல்லாமலும் பாடல் வெளியிடலாம். விநியோகத் தளங்கள் ஆண்டுக் கட்டணமோ சிறு பங்கோ வாங்கிக்கொண்டு உலகம் முழுக்கப் பாடலைச் சேர்க்கின்றன; உரிமை உங்களிடமே இருக்கும். 24 பிட் வேவ் கோப்பு, 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப்படம், வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன் பதிவேற்றம் — தேவை இவ்வளவுதான். மொழி என்று கேட்கும் இடத்தில் எந்த மொழி வரிகள் அதிகமோ அதைக் கொடுங்கள். விளம்பரத்துக்குப் பணமும் ஆளும் நிறுவனத்திடம் இருப்பது உண்மை. தனியே போனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். என் கருத்தைக் கேட்டால், பதினெட்டு முடிந்ததும் ஒரே ஒரு பாடலைத் தனியே வெளியிட்டுவிட்டு, இதே நிறுவனத்தோடு ஓராண்டு, மூன்று பாடல் என்ற அளவில் பேசுங்கள். நீட்டிப்பு இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டும் என்று இருக்கட்டும்.

இன்று இந்த வரிகளை மட்டும் அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்: "உங்கள் அழைப்புக்கு நன்றி. எனக்கு இன்னும் பதினெட்டு வயது நிரம்பவில்லை. நிரம்பிய பிறகே கையெழுத்திட இயலும். அதற்குள் வழக்கறிஞரிடம் காட்டி என் திருத்தங்களை எழுத்தில் அனுப்புகிறேன். திருத்தக்கூடிய வடிவில் ஒப்பந்த நகலை அனுப்பி வைக்க வேண்டுகிறேன்." வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்து அம்மா தயங்கினால், பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று சொல்லுங்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஒப்பந்த நகல், வயதுச் சான்று, பாடல்களின் பட்டியல், தோழரோடு எழுதிய பங்குத்தாள் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள்.